மலைக்குப் பறக்கவிருக்கும் மகளுக்கு

கோப்பாய்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் நலமறிய ஆவல். வேலை நிமித்தம் நேபாளத்தில் பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சிறிய விமானத்தில் போக நேரும் என்று நீ எழுதியிருந்ததை அம்மா இரண்டுதரம் வாசிப்பித்துக் கேட்டார். பனைக்கு மேல் உயரமானது எதுவுமில்லாத ஊரிலிருந்து இமயமலையைப் பற்றிப் புத்தி சொல்வது வேடிக்கைதான். ஆனாலும் நான் மஸ்கெலியாவில் படிப்பித்தவன். காலையில் பளிச்சென்று தெரிந்த மலை, பள்ளி இடைவேளை மணி அடிப்பதற்குள் முகிலுக்குள் அடியோடு மறைவதைக் கண்டவன்.

அங்கேதான், 1974 டிசம்பர் 4 இரவு, சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பு வழியாக ஜித்தாவுக்குப் புறப்பட்ட டீசி-8 விமானம் சப்த கன்னியர் மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் இறந்தார்கள். தாம் எங்கே பறக்கிறோம் என்பதைப் பிழையாகக் கணித்த விமானிகள், மலைகளைத் தாண்டுமுன்னரே தாழ இறங்கிவிட்டார்கள். அதற்கு மூன்று நாள் முன்னர், காற்றும் முகிலுமாக இருந்த ஒரு காலையில், அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலும் ஒரு விமானம் மலையில் மோதி 92 பேர் மாண்டிருந்தனர். அதன் பின்னரே, நிலம் நெருங்கினால் சத்தமிட்டு எச்சரிக்கும் கருவி அந்நாட்டின் பெரிய விமானங்களுக்குக் கட்டாயமாயிற்று. தொடக்கத்தில் அது நேர்கீழே உள்ள நிலத்தை மட்டுமே அளந்ததால், எதிரே செங்குத்தாக எழும் பாறையைக் காலந்தாழ்த்தியே உணர்ந்தது. இன்றைய கருவியோ மலைகளின் வரைபடத்தையே தன்னுள் வைத்திருக்கிறது.

நீ போகவிருக்கும் அதே வழியில், 2022 மே 29 அன்று, 22 பேருடன் சென்ற விமானம் முகிலுக்குள் அகப்பட்டுப் பாதை தவறி மலையில் மோதியது, ஒருவரும் தப்பவில்லை. அதில் எச்சரிக்கைக் கருவி இருந்தும், அது இயங்காதபடி நிறுத்தப்பட்டிருந்ததாக விசாரணை கூறிற்று. மலையிடுக்குகளில் பறக்கையில் அது ஓயாமல் கத்தும் என்பது உண்மைதான். அதற்காக அதன் வாயை அடைப்பதா?

ஆகவே, காலையில் முதலில் புறப்படும் விமானத்திலேயே இடம் எடு. நேரம் ஏற ஏற அந்தப் பள்ளத்தாக்கில் காற்றுப் பலக்கும். வானிலை சரியில்லை என்று தாமதித்தால், அங்கே பணியில் நிற்பவர்களைத் திட்டும் கூட்டத்தில் நீ சேராதே. பேனி வழியாகப் பஸ்ஸும் ஜீப்பும் உண்டு. ஆனால் மழைக்காலத்தில் அந்த வீதியில் மண்சரிவு ஏற்படுவதால் அதையும் நான் வற்புறுத்தமாட்டேன். ஒரு நாள் பிந்தினால் உன் மேலதிகாரி முகம் சுளிப்பார், அவ்வளவுதான்.

பயணத் திகதி உறுதியானதும் அறிவி. அம்மா நல்லூருக்குப் போய் அர்ச்சனை செய்ய நாள் கேட்கிறார்.

அன்புடன்,
அப்பா