அப்ரைசர்களே, கண்ணுல பட்டத எழுதுங்க

அமெரிக்காவுல வீடு அப்ரைசல் பண்ற எல்லாருக்கும் வணக்கம்.

பேங்க் லோன் குடுக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்கு மதிப்பு போடுறதுதான் உங்க வேலை, குறை இருக்கான்னு நோண்டிப் பாக்கற இன்ஸ்பெக்‌ஷன் பண்றது இல்லைன்னு நல்லாவே தெரியும். கூரை மேல ஏறணும், சுவத்த ஒடைச்சு பைப்ப பாக்கணும்னு யாரும் கேக்கல. கண்ணு முன்னாடி இருக்கறத எழுதுங்கன்னுதான் கேக்கறோம்.

நண்பர் ஒருத்தர் வீடு வாங்கறப்ப வந்த அப்ரைசல் ரிப்போர்ட்ட உக்காந்து படிச்சேன். பின்பக்கங்கள்ல போட்டோ இருக்கு, அதுல மாடி பெட்ரூம் சீலிங்ல ஒரு மூலை மட்டும் புது பெயின்ட் அடிச்சு பளிச்சுனு வெள்ளையா இருக்கு, அதோட ஓரத்துல பழுப்புக் கோடு ஒண்ணு லேசா எட்டிப் பாக்குது. தண்ணி எறங்கின கறைன்னு சின்னப் புள்ளகூட சொல்லும். ஆனா எழுத்துல? கண்டிஷன் சி3, அதாவது நல்லா பராமரிச்ச வீடுங்கற கிரேடு. அப்ரைசல் ரிப்போர்ட்டுக்குன்னு பல வருஷமா புழங்கற அந்த 1004 ஃபாரத்துலயே நேரடியா ஒரு கேள்வி இருக்கு, குடியிருக்கறதையோ வீட்டோட உறுதியையோ பாதிக்கற குறை ஏதாவது இருக்கான்னு. அதுல "இல்லை"ன்னு டிக். போட்டோ எடுத்ததும் அதே ஆள்தான்!

கேட்டா, "அதுக்கெல்லாம் சேத்துதான் மதிப்ப கொறைச்சிருக்கேன்"னு சிலர் சொல்றீங்க. கொறைச்சது எதுக்குன்னு அந்த நம்பர பாத்து யாருக்கு தெரியும்? பேங்க்ல லோன ஓகே பண்ற அண்டர்ரைட்டருக்கும் தெரியாது, வாங்கறவங்களுக்கும் தெரியாது. பெருசா ஒண்ணும் வேணாம், "மாடி பெட்ரூம் சீலிங் மூலைல கறை, மேல புது பெயின்ட், காரணம் தெரியல, ஒழுகல் சரி பண்ணியாச்சுன்னு வெச்சுக்கிட்டுதான் மதிப்பு போட்டிருக்கேன், அது தப்புன்னா மதிப்பும் மாறும்"னு எழுதினா போதும். அனுமானத்த வெளிப்படையா சொல்லணும்னு உங்க தொழிலுக்கான யூஸ்பாப் விதியே சொல்லுது, நான் புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல.

பாக்க முடியாததும் இதே கதைதான். கூரைக்கடியில இருக்கற அட்டிக்கோட கதவுக்கு கீழ பெட்டிய அடுக்கி வெச்சிருந்தா, போக முடியலன்னு எழுதுங்க, போய்ப் பாத்த மாதிரி ஃபாரத்த நிரப்பாதீங்க. அரசாங்கம் இன்ஷூர் பண்ற எஃப்ஹெச்ஏ லோன்னா தலையும் தோளுமாவது அட்டிக்குள்ள விட்டுப் பாக்கணும்னு இருக்கு, 1978க்கு முன்னாடி கட்டின வீட்டுல பெயின்ட் உரிஞ்சிருந்தா அதையும் சொல்லியாகணும், ஏன்னா அதுல ஈயம் இருக்கலாம், தவழற குழந்தை இருக்கற வீட்டுல அது வெளையாட்டு இல்ல.

ரிப்போர்ட் பேங்குக்குதான், வாங்கறவர் எங்க கிளையன்ட் இல்லன்னு ஒரு பதில் வெச்சிருக்கீங்க. சட்டப்படி சரி. ஆனா 2014லேருந்து, கையெழுத்து போட்டு வீடு கைமாறற க்ளோசிங்குக்கு மூணு வேலை நாள் முன்னாடியாவது காப்பி வாங்கற எங்க கைக்கு வரணும்னு விதி இருக்கே, அத நாங்க படிக்கத்தானே செய்வோம்? போட்டி அதிகமா இருக்கற நேரத்துல இன்ஸ்பெக்‌ஷனே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வீட்ட புடிக்கறவங்க எத்தன பேர் (அது புத்திசாலித்தனமான்னு கேக்காதீங்க, வேற வழி இல்லாம செய்யறாங்க). வீட்ட நேர்ல பாத்து வெளி ஆள் எழுதின பேப்பர்னு அவங்க கைல இருக்கறது பெரும்பாலும் நீங்க எழுதினது மட்டும்தான்.

ரியல் எஸ்டேட் ஏஜென்ட் ஃபோன் பண்ணி "அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடுங்க, க்ளோசிங் தள்ளிப் போயிடும்"னு கெஞ்சுவாருன்னு தெரியும். அந்த ஒரு வரிக்காக அடுத்த ஆர்டர் வராதோங்கற பயமும் புரியுது. தப்பு இருந்தா திருத்தச் சொல்லலாம், வெவரம் கேக்கலாம், ஆனா அப்ரைசர மிரட்டியோ ஆசை காட்டியோ மதிப்ப வளைக்கக் கூடாதுன்னு 2010ல வந்த டாட்-ஃபிராங்க்ங்கற நிதித்துறை சட்டத்துலயே இருக்கு. கண்ணால பாத்த கறை தப்பு இல்லையே, எதத் திருத்தறது?

கடைசியா லோன் குடுக்கறவங்களுக்கும் ஒண்ணு. அப்ரைசர் "ரிப்பேர் பண்ணினாதான் இந்த மதிப்பு"ன்னு எழுதினா அத "இருக்கறபடியே"ன்னு மாத்தித் தரச் சொல்லி நச்சரிக்காதீங்க. வேலை முடிஞ்சதும் திரும்பப் போய் பாத்து எழுதறதுக்குத்தான் 1004டி ஃபாரம் இருக்கு. அந்த ரெண்டாவது விசிட்டுக்கு தனி ஃபீஸ், அதுவும் எங்க தலைலதான் விழும். பரவால்ல, குடுத்துடறோம்.

இப்படிக்கு,
ரிப்போர்ட்ட கடைசி பக்கம் வரைக்கும் படிக்கற ஒருத்தன்