அப்பாவுக்கு, வார்சாவிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். உங்கள் கடிதம் திங்களன்று வந்தது. இரண்டு மாதமாக எழுதாதது என் தப்புதான். இங்கே மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது; நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போகிறது.

'அங்கே என்னதான் வேலை' என்று கேட்டிருந்தீர்கள். அச்சாபீசில் நீங்கள் பார்த்த அதே ப்ரூப் வேலைதான், வம்பு மட்டும் கொஞ்சம் கூட. போலந்து நாடகாசிரியர் ம்ரோஜெக் 1958இல் எழுதிய 'போலீஸ்' என்ற நையாண்டி நாடகத்தின் பழைய பிரதிகளை ஒப்பிட்டுப் பதிப்பு தயாரிக்கிறேன். கதை இதுதான்: கடைசி அரசியல் கைதியும் விசுவாசப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறான். போலீசுக்கு வேலை போய்விடுமே! ஒரு சார்ஜெண்டே அரசை எதிர்த்துக் கத்திக் கைதாகிறார். 1968இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் தலைமையிலான படை புகுந்ததை ம்ரோஜெக் கண்டித்தார். அதனால் இங்கே அவர் எழுத்துக்கே சில வருஷம் தடை.

தட்டச்சு, மேடை, அச்சு என்று ஒவ்வொரு பிரதிக்கும் ஓர் எழுத்தை அடையாளமாக வைத்து, வரிவரியாக ஒப்பிட்டு, பாடபேதத்தை, அதாவது பிரதிக்குப் பிரதி மாறும் சொற்களை, பக்கத்தின் அடியில் கொடுக்க வேண்டும். கார்பன் நகல்தான் எமன். மேல்தாளில் பேனாவால் திருத்தியது நகலில் இருக்காது. ஒரே தட்டச்சுக்கு இரண்டு பாடம் வந்துவிடும். போலிஷ் மொழியில் 'ல' ஒலிக்கான எழுத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டால் 'வ' உச்சரிப்பு. லாஸ்கா கைத்தடி, வாஸ்கா கருணை. நகலில் அந்தக் கோடு மங்கினால் போச்சு. நம் ஊரில் மெய்யெழுத்தின் புள்ளி விழுந்துபோகுமே, அதே கதை.

மூலத்தை உரக்க வாசிக்க ஒரு காப்பி ஹோல்டர் இல்லாமல் தவித்தேன். கீழ்வீட்டுப் பாட்டி வந்து வாசிக்கிறாள். 'ப்ஷெசினெக்', 'ப்ஷெசினெக்' என்று ஒவ்வொரு காற்புள்ளியையும் கோர்ட் டவாலி மாதிரி கூவுவாள். கூலி வாங்கமாட்டாள், உப்புநீரில் ஊறிய வெள்ளரிக்காயை அவளே கொண்டுவருவாள்.

கம்யூனிஸ்ட் ஆட்சிக்காலத்துத் தணிக்கை ஆபீஸ் இருந்தது இங்கே மிசியா தெருவில். சுண்டெலித் தெரு என்று அர்த்தம்! 1981 சட்டத்துக்குப் பிறகுதான், வெட்டிய இடத்தில் பகர அடைப்புக்குள் கோடுகள் போட்டுச் சட்டப்பிரிவைக் காட்ட முடிந்தது. அதற்கு முன் வெட்டியது அச்சில் தெரியவே தெரியாது. அதற்காக, காணாமல்போன வரியையெல்லாம் தணிக்கை தலையில் கட்டக்கூடாது. நீளம் என்று டைரக்டர் குறைத்திருப்பார், சரியில்லை என்று ஆசிரியரே அடித்திருப்பார். பயந்து அவரே மாற்றியிருந்தால் அதுதான் சிக்கல். கடைசியாகத் திருத்தியதே ஆசிரியர் விருப்பம் என்ற விதி அங்கே செல்லாது என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருப்பதால் பொழுது போய்விடுகிறது. நேற்று பாட்டி வெள்ளரி ஜாடியைத் திறந்தபோது மாவடு ஞாபகம் வந்து, எந்த வரியில் நிறுத்தினோம் என்றே தெரியவில்லை.

மீனா வளைகாப்புக்குப் பாதிப் பணம் இந்த வாரம் அனுப்புகிறேன், மீதி தையில். வளையல்காரருக்கு முன்பணம் அத்தையைக் கொடுக்கச் சொல்லுங்கள். கண் ஆபரேஷனை இனியும் தள்ளாதீர்கள். அம்மாவிடம் ஸ்வெட்டர் போதும் என்று சொல்லவும்.

உங்கள் அன்பு மகள்,
வசந்தி