உலோக மூட்டுக்கு ஒரு சீட்டு கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எலும்புப் புற்றுநோய் வந்த பிள்ளைக்குக் காலை எடுக்காமல், உலோக மூட்டு பொருத்தி நடக்க வைத்தார்கள் என்ற செய்தி நம் நாளிதழ்களில் அவ்வப்போது வருகிறது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் பிள்ளை நடந்து வீட்டுக்குப் போகும் நாளோடு அது முடிந்துவிடுகிறது. அந்த மூட்டுக்கு வேலையே அன்றுதான் தொடங்குகிறது.

ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் பெரும்பாலும் பத்திலிருந்து இருபது வயதுக்குள், முழங்காலை ஒட்டித்தான் வருகிறது. கீமோதெரபி கொடுத்தபின், தொடை எலும்பின் கீழ்ப்பகுதியைக் கட்டியோடு சேர்த்து, பல நேரம் 15 செ.மீ.க்கு மேல், வெட்டி எடுக்கிறோம். அங்கே வைக்கும் உலோகத்தில் எலும்புக்குழிக்குள் இறங்கும் தண்டு, எடுத்த எலும்பின் நீளத்துக்கு ஈடான நடுப்பகுதி, கதவுக் கீல்போல மடங்கும் மூட்டு ஆகியவை உண்டு. கீலின் அச்சைச் சுற்றி பாலிஎத்திலீன் புஷ், அதாவது பிளாஸ்டிக் வளையம், ஒன்று இருக்கிறது. மோதிரம்போலச் சின்னது. நாள்பட்டுத் தேய்வது இதுதான். சம்மணம் போடுவதும் குந்தி உட்காருவதும் கீலுக்கு ஆகாது. வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் கட்டாயம்.

புஷ் தேயும்போது பெரும்பாலும் வலி முதலில் வராது. முழங்கால் பக்கவாட்டில் ஆடும், நடக்கும்போது 'டக் டக்' என்று கேட்கும். அப்போதே வந்தால் எலும்புக்குள் இருக்கும் தண்டைத் தொடாமல் புஷ்ஷை மட்டும் மாற்றிவிடலாம். "வலிதான் இல்லையே" என்று விட்டால் உலோகத்தோடு உலோகம் உரசி, கரும்பொடி சதையில் படியும், எலும்பு அரித்துத் தண்டு தளரும். பிறகு மொத்த மூட்டையும் கழற்றியாக வேண்டும்.

சிக்கல் இங்கேதான். பதினைந்து வயதில் மூட்டு வைத்துக்கொண்டவர் வேறு ஊரில் வேலைக்குப் போய், பல ஆண்டு கழித்து வேறொரு மருத்துவமனைக்கு வருகிறார். தயாரித்த நிறுவனம் எது என்று அவருக்குத் தெரியாது. அவர் அளவுக்கென்றே வரைபடம் போட்டுச் செய்த மூட்டு அது. அச்சின் விட்டம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் புதிய புஷ் உட்காராது. எக்ஸ்ரேயைப் பார்த்து மாடலை ஊகிக்கலாம், அளவை ஊகிக்க முடியாது. கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் வளையம் கிடைக்காததால் நல்ல தண்டையும் பிடுங்க நேர்வது கொடுமை.

ஆகவே மூட்டு வைத்த ஒவ்வொருவருக்கும், டிஸ்சார்ஜ் சம்மரியோடு தனியாக ஒரு சீட்டு தர வேண்டும். எந்தக் கால், எந்த எலும்பு, எத்தனை மி.மீ. எடுத்தது, தண்டின் விட்டமும் நீளமும், தண்டை எலும்பில் பொருத்த எலும்பு சிமென்ட் போட்டதா, கீலின் வகை, நிறுவனத்தின் பெயர், தொகுதி எண் எல்லாம் அதில் வேண்டும். வரைபட நகலும் இருந்தால் நல்லது. வளரும் பிள்ளைகளுக்கு வைக்கும், வெளியிலிருந்தே காந்தத்தால் நீட்டக்கூடிய மூட்டு என்றால், எம்.ஆர்.ஐ. எடுக்கக்கூடாது என்று சிவப்பு எழுத்தில் போட வேண்டும்.

சீட்டின் பின்பக்கத்தில் இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். மூட்டுப் பக்கம் சிவந்தாலோ, வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்கக் கூடாது. பக்கத்து கிளினிக்கில் கீறிவிடவும் கூடாது. மாத்திரை போட்டபின் நீரெடுத்துச் சோதித்தால் கிருமி வளராமல் போகலாம். எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமல் தடுமாறுவோம். அறுவை செய்த குழுவிடம் நேரே வர வேண்டும்.

ஏற்கெனவே மூட்டு வைத்துக்கொண்டவர்கள், கோப்பு கழிவுக்குப் போகுமுன் மருத்துவமனையில் விண்ணப்பம் கொடுத்து அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். மூட்டு வந்த பெட்டியின் ஸ்டிக்கரைப் பெரும்பாலும் கேஸ் ஷீட்டில்தான் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
எலும்புப் புற்றுநோய் அறுவை சிகிச்சை மருத்துவர்கள்,
சென்னை