ஃபார் பங்கின் இடப்பெயர்களையும் வீட்டடிகளையும் பதிவுசெய்ய உதவியோருக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

ஸ்காட்லாந்தின் வடகோடியில், சதர்லாந்துப் பகுதியின் ஃபார் பங்கில் (தேவாலய வட்டாரத்தில்) வழங்கும் ஊர், குன்று, ஓடை, வயல் பெயர்களையும், ஆளற்றுப்போன வீடுகளின் அடித்தளங்களையும் திரட்டும் பணியின் முதற்கட்டம் நிறைவேறியிருக்கிறது. அதற்குத் துணைநின்ற அனைவருக்கும் பதிவுக் குழுவினர் சார்பில் நன்றி கூறவே இம்மடல்.

எங்களுக்கு அடிப்படை ஆவணமாக அமைந்தவை, பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் அளவையாளர்கள் 1871 முதல் 1875 வரை சதர்லாந்தில் எழுதிவைத்த பெயரேடுகள். ஒரு பெயரை எப்படியெல்லாம் எழுதினார்கள், அதற்குச் சான்று சொன்னவர் யார், இடம் எங்கே இருக்கிறது என்பவற்றை அவை பத்தி பிரித்துத் தருகின்றன. அவற்றைக் காத்துவரும் ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்கும், பழைய கையெழுத்தைப் பொறுமையாகப் படித்துத் தட்டச்சு செய்த முகமறியாத் தன்னார்வலர்களுக்கும், ஒரு மைலை ஆறங்குலமாகக் காட்டும் அத்துறையின் வரைபடங்களை யாவரும் இணையத்தில் பார்க்க வைத்திருக்கும் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்துக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆயினும் அளவையாளர்கள் வந்து சேர்ந்தபோது இப்பங்கிலுள்ள ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கு காலியாகி அரை நூற்றாண்டு கடந்திருந்தது. செம்மறிப் பண்ணைகளுக்கு இடம் விடுவதற்காக 1814இலும் 1819இலும் அங்கிருந்த குடியானவர்கள் பெருந்தொகையாக வெளியேற்றப்பட்டு, பலர் கடலோரத் துண்டு நிலங்களில் குடியமர்த்தப்பட்டனர். அளவைத் துறை சான்று கேட்டதோ பெரும்பாலும் போதகர், பள்ளி ஆசிரியர், பண்ணைக் குத்தகையாளர், எஸ்டேட் அலுவலர் போன்றோரிடம்தான். எனவே ஏட்டில் ஏறாத பெயர்களைத் தந்தவர்களுக்கே எங்கள் நன்றியில் பெரும்பங்கு உரியது.

வரைபடத்தை விரித்து "இந்த இடத்துக்கு என்ன பெயர்?" என்று கேட்டபோது தயங்கிய மூதாட்டி ஒருவர், சிறுவயதில் பீட் எனும் சதுப்புக் கரி வெட்டப் போன பாதையை விவரிக்கத் தொடங்கியதும், திருப்பம், பாறை, ஊற்று, மேட்டு வீடு என்று ஒவ்வொன்றின் கேலிக் மொழிப் பெயரும் நடக்கும் வரிசையிலேயே வந்து விழுந்தது. அன்று முதல் எல்லோரிடமும் பாதையைத்தான் கேட்டோம். ஒரே பெயரை மும்முறை நிறுத்திச் சொல்லி எங்கள் உச்சரிப்பைத் திருத்திய பெரியவர்களின் பொறுமைக்கு ஈடாக நாங்கள் தரக்கூடியது எதுவுமில்லை.

வீட்டடிகளைக் கண்டறிய வழிகாட்டியவர்கள் மேய்ப்பர்களும் வனப் பணியாளர்களும். பெரணிப் புதர் பட்டுப்போன பின்பு, குளிர்கால வெயில் சாய்ந்து விழும் வேளையில் வரச் சொன்னவர்கள் அவர்களே. கோடையில் வெறும் பச்சைச் சரிவாகத் தெரிந்த இடத்தில், ஓரிரு வரிசைக் கல் மட்டும் எஞ்சிய நீள்வீடும், அதன் தாழ்ந்த முனையில் மாட்டுக் கொட்டிலின் கழிவு வாய்க்காலும், சற்றுத் தள்ளித் தானியம் உலர்த்தும் சூளையின் குழியும் அப்போதுதான் தெளிவாகப் புலப்பட்டன. எது வீடு, எது வெறும் கற்குவியல் என்று பிரித்தறிய, தொல்லியலாளர் ஹோரேஸ் ஃபேர்ஹர்ஸ்ட் 1962இல் அதே பள்ளத்தாக்கில் ஆளற்றுப்போன ரோசல் ஊரில் நடத்திய அகழாய்வு எங்களுக்கு அளவுகோலாக இருந்தது.

2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் ஸ்காட்லாந்தில் பொறுப்போடு நடமாடும் உரிமையை எல்லோருக்கும் தந்திருக்கிறது. ஆனால் ஆடுகள் ஈனும் பருவத்தில் சட்டம் பேசுவது அழகல்ல. எந்த வேலிக்கதவு வழியாக, எந்த வாரம் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லி உதவிய பண்ணையாளர்களுக்கும், பெயர் மாறிய வீடுகளை நினைவிலிருந்தே அடையாளம் காட்டிய அஞ்சல்காரருக்கும் நன்றி.

ஒலிப்பதிவுகளின் படியொன்று பெயர் சொன்ன ஒவ்வொருவர் வீட்டுக்கும் அனுப்பப்படும். அதனுடன் வரும் பட்டியலில் எழுத்தோ இடமோ மாறியிருந்தால், அடுத்த கட்டப் பணி தொடங்குமுன் குறித்தனுப்புமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பதிவுக் குழுவினர்