ஏழு பையன்களும் ஒரு கம்பெனியும்

கோயம்புத்தூர்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் பெரிய நிம்மதி. எனக்கு வலது கண்ணில் புரை எடுத்து ஒரு மாதம் ஆகிறது. சொட்டு மருந்து இன்னும் போடுகிறேன். இந்த வாரம்தான் எழுத்து தெளிவாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது, அதனால் இதை நீளமாகவே எழுதப் போகிறேன்.

உன் சின்ன மகள் கொரியப் பாட்டு ஆல்பம் ஒன்றுக்கு இரண்டாயிரம் ரூபாய் கேட்கிறாள், அதுவும் ஒரே ஆல்பத்தில் இரண்டு விதம் வேண்டும் என்கிறாள், இது வியாபாரமா கொள்ளையா என்று கேட்டிருந்தாய். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒன்பது வருஷம் ரெக்கார்டிங் சென்டர் நடத்தியவர்கள் நாம். டி.டி.கே. அறுபது நிமிஷ கேசட்டில் எத்தனை பாட்டு அடங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவோம். உனக்கு அந்தக் கேள்வி வந்தது நியாயம்தான். நல்லவேளையாக நீ கேட்பதற்கு முன்பே எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் பாடம் ஆகியிருந்தது.

ஆபரேஷன் முடிந்த முதல் சில நாள் என் தங்கை மகள் வந்து உடன் இருந்தாள். டிவி பார்க்கக் கூடாது, போன் பார்க்கக் கூடாது. அவள் தன் போனில் பி.டி.எஸ். என்ற கொரியக் குழுவின் பாட்டுப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இந்தப் பாட்டுகளை எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள், ஆட்டம், தலைமுடி நிறம், உடை எல்லாம் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். நான் எதையும் பார்க்காமல் கேட்டேன். மொழி ஒரு சொல் புரியவில்லை. ஆனால் இரண்டு நாளில் ஏழு குரலையும் பிரித்துச் சொல்ல வந்துவிட்டது. ஒருவன் அடித்தொண்டையில் பேசுவதுபோலப் பாடுகிறான், இன்னொருவன் குரல் உச்சிக்குப் போகும்போது லேசாக உடைகிறது. "இவன் யார்?" என்று கேட்கக் கேட்க, அவள் குழுவின் கதையையும் அதை வளர்த்த கம்பெனியின் கதையையும் சொல்லத் தொடங்கினாள். அப்புறம் நானே தேடிப் படித்தேன்.

கம்பெனியின் இன்றைய பெயர் ஹைப். முதலில் பிக் ஹிட் என்டர்டெயின்மென்ட். பாங் சி-ஹியுக் என்ற இசையமைப்பாளர் 2005 பிப்ரவரியில் தொடங்கியது. அதற்கு முன் ஜே.ஒய்.பி. கம்பெனிக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர், 'ஹிட்மேன்' என்று பட்டப்பெயர் வாங்கியவர். எஸ்.எம்., ஒய்.ஜி., ஜே.ஒய்.பி. என்ற மூன்று பெரிய கம்பெனிகளின் ராஜ்ஜியமாக கொரியப் பாட்டு உலகம் இருந்த காலம் அது.

அந்த ஊரில் பாடகர் உருவாகும் முறையை நம் ஊர்க்காரனுக்குச் சொல்ல ஒரு சுலபமான வழி இருக்கிறது. நம் தாத்தா காலத்து பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களை நினைத்துக்கொள். எம்.ஜி.ஆர். சின்ன வயதில் போய்ச் சேர்ந்த மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி போல. பையன்களைச் சிறு வயதிலேயே எடுத்து, ஒரே வீட்டில் தங்கவைத்து, சோறு போட்டு, பாட்டும் ஆட்டமும் கற்றுக்கொடுத்து, வருஷக்கணக்கில் பயிற்சி கொடுத்து அரங்கேற்றுவார்கள். செலவெல்லாம் கம்பெனியுடையது, பிடியும் கம்பெனியுடையதுதான். எஸ்.எம். கம்பெனியின் டி.வி.எக்ஸ்.க்யூ. என்ற குழுவுக்கு ஒப்பந்தம் 13 வருஷம். 2009 இல் அதில் மூன்று பேர் கோர்ட்டுக்குப் போனார்கள். அதே வருஷம் அரசு மாதிரி ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்து, காலத்தை 7 வருஷமாகக் குறைத்தது.

பிக் ஹிட் அந்த மூன்று பெரிய கம்பெனிகளுக்கு நடுவில் ஒரு சின்னக் கடை. 2012 இல் ஒரு பெண்கள் குழுவை இறக்கினார்கள், அது கைகொடுக்கவில்லை, 2015 இல் கலைந்துபோனது. நான் கேட்ட ஏழு பையன்கள் குழுவான பி.டி.எஸ். 2013 ஜூன் 13 அன்று அரங்கேறியது. தலைநகர் சியோலின் நொன்ஹியோன் பகுதியில் அப்போது அவர்கள் பயிற்சி செய்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. பையன்கள் அங்கேதான் சாப்பிடுவார்கள். இன்று அந்தக் கடைச் சுவர் முழுக்க ரசிகர்கள் கொண்டுவந்து ஒட்டிய படங்கள். தங்கை மகள் போட்டோவைக் காட்டினாள். நம் கடைக்கு அடுத்த பாய் டீக்கடை ஞாபகம் வந்தது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஏழு பேரில் ஒருவனும் சியோலில் வளர்ந்தவன் இல்லை. பூசான், டேகு, குவாங்ஜு என்று வெளியூர்ப் பையன்கள். 2013 இலேயே அவரவர் ஊர் வழக்கில் மாற்றி மாற்றிப் பாடி ஒரு பாட்டு போட்டிருக்கிறார்கள். மதுரைக்காரனும் திருநெல்வேலிக்காரனும் கோயம்புத்தூர்க்காரனும் ஒரே பாட்டில் அவரவர் பேச்சில் சண்டை போட்டுக்கொள்வதை நினைத்துப் பார். தலைநகரத்துப் பேச்சுக்குத் தேய்த்து மெருகேற்றுவதுதான் அந்தத் தொழிலில் வழக்கம். இந்தக் கம்பெனி அவர்களைத் தேய்க்கவில்லை. பரீட்சை, அப்பா அம்மாவின் எதிர்பார்ப்பு, வேலை கிடைக்காத பயம் என்று அவர்கள் வயதின் பாட்டை அவர்களே எழுதவிட்டது.

டிவியில் இடம் கிடைப்பது கஷ்டம், அது பெரிய கம்பெனிகளுக்கே போய்விடும். அதனால் அரங்கேற்றத்துக்கு அரை வருஷம் முன்பே, 2012 டிசம்பரில், யூடியூப் சேனலும் ட்விட்டர் கணக்கும் தொடங்கிவிட்டார்கள். பயிற்சி அறையில் ஒருவன் கேமராவை எதிரே வைத்து, இன்று ஆட்டம் சரியாக வரவில்லை, மனசு சரியில்லை என்று தனியாகப் பேசுவான். அப்படிப் பழைய வீடியோ ஒன்றை என் கண் கட்டு அவிழ்த்தபிறகு பார்த்தேன். மங்கலான வெளிச்சம், பின்னால் கண்ணாடி, வியர்த்த முகம், பேசும்போது தரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். நம் கடைக்கு வந்து பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டுத் தயங்கி நிற்கும் காலேஜ் பையன் மாதிரியே இருந்தான். உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் ஒரு பெண் அதைப் பார்த்து, இவன் என்னைப் போல என்று நினைத்திருப்பாள். விளம்பரத்துக்கு எவ்வளவு பணம் கொட்டினாலும் அந்த நினைப்பை உண்டாக்க முடியாது.

டிவி நிகழ்ச்சியில் முதல் பரிசு வாங்க ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆனது, 2015 மே. அதற்கப்புறம் வேகம். 2018 இல் அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் முதலிடம், கொரியக் குழு ஒன்றுக்கு அதுவே முதல் தடவை. 2020 இல் பாட்டுப் பட்டியலிலும் முதலிடம். கொரோனாவால் உலகச் சுற்றுப்பயணமே நின்றுபோனபோது, 2020 ஜூனில் இணையத்தில் ஒரு கச்சேரி நடத்தினார்கள். ஒரே நேரத்தில் ஏழரை லட்சம் பேர் காசு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

2020 அக்டோபர் 15 அன்று கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது. அதற்கு முன் வெளியிட்ட கணக்கில் ஒரு எண் இருந்தது: 2019 வருமானத்தில் 97 சதவீதம் இந்த ஏழு பேரால் வந்தது. நாம் இளையராஜா கேசட்டை மட்டும் நம்பிக் கடை நடத்தினால் எப்படி இருந்திருக்கும், அதைவிட மோசம். பாங் சி-ஹியுக் ஒரு காரியம் செய்தார், அதற்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு. தன் பங்கிலிருந்து ஒவ்வொரு பையனுக்கும் 68,385 பங்குகள் கொடுத்தார். ஒரு பங்கு 1,35,000 வான் (கொரியப் பணம்) என்ற விலையில், ஆளுக்கு நம் பணத்தில் 60 கோடிக்குச் சற்றுக் குறைவு. அவர்கள் போகாமல் இருக்கவேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும், அது தப்பில்லை. பாடுகிறவனுக்குக் கடையிலேயே பங்கு கொடுத்த முதலாளியை நம் காலத்தில் எத்தனை பேரைப் பார்த்தோம்?

அதற்குப் பிறகு கம்பெனி வளர்ந்த விதம் வேறு. வாங்கிச் சேர்த்தார்கள். 2019 இல் சோர்ஸ் மியூசிக், 2020 இல் பிளெடிஸ் என்ற பாட்டுக் கம்பெனிகள். 2021 மார்ச்சில் ஹைப் என்று பெயர் மாற்றி சியோலின் யோங்சானில் பெரிய கட்டடத்துக்குக் குடிபோனார்கள். அடுத்த மாதமே ஸ்கூட்டர் பிரவுன் என்ற பாடகர் மேலாளரின் அமெரிக்கக் கம்பெனியை 100 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். வீவர்ஸ் என்று சொந்தமாக ஒரு ஆப், ரசிகரோடு பேசுவதும் பொருள் விற்பதும் ஒரே இடத்தில். 2023 பிப்ரவரியில் பழைய ராஜாவான எஸ்.எம். கம்பெனியையே பிடிக்கப் பார்த்து, ககாவோ என்ற இணையக் கம்பெனியோடு விலையேற்றப் போட்டியில் இறங்கி, ஒரே மாதத்தில் பின்வாங்கினார்கள். அந்த வருஷ வருமானம் 2 லட்சம் கோடி வானைத் தாண்டியது, நம் கணக்கில் 13,000 கோடி ரூபாய்க்கு மேல். 2024 இல் கொரிய அரசு இதைப் பெரும் தொழில் குழுமங்களின் பட்டியலில் சேர்த்தது. பொழுதுபோக்குக் கம்பெனி ஒன்று அந்தப் பட்டியலில் வருவது அதுவே முதல் தடவை. மும்பையிலும் ஒரு கிளை வந்துவிட்டது.

இவ்வளவும் எதற்கு? அந்த 97 சதவீதத்தைக் குறைக்கத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் 2022 ஜூன் 14 அன்று நடந்ததைப் பார். குழுவின் ஒன்பதாம் ஆண்டு விழாவுக்கு ஏழு பேரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பேசிய வீடியோ வெளிவந்தது. மேசை நிறைய சாப்பாடு, பேச்சு நடுநடுவே தழுதழுக்கிறது. தலைவன் ஆர்.எம். மனம்விட்டுப் பேசுகிறான்: இந்தத் தொழில் முறை ஒருவனை முதிர்ச்சியடைய விடுவதில்லை, ஏதாவது செய்துகொண்டே இருக்கவேண்டும், தான் யாரென்று யோசிக்கக்கூட நேரமில்லை. கொஞ்ச காலம் தனித்தனியாகப் பாடப்போகிறோம் என்றார்கள். மறுநாள் கம்பெனியின் பங்கு விலை ஒரே நாளில் ஏறக்குறைய 25 சதவீதம் விழுந்தது. வாங்கிச் சேர்த்த அத்தனையும் இருந்தும், களைத்துப்போன பையன்கள் உண்மையைச் சொன்னதும் கால் பங்கு மதிப்பு போய்விட்டது.

அந்த வீடியோவை நான் இரண்டு தடவை பார்த்தேன் முருகேசா. பயிற்சி அறையில் தரையைப் பார்த்துப் பேசிய அதே பிள்ளைகள்தான். அவர்களை அப்படிப் பேசவிட்டதால் வளர்ந்த கம்பெனி அது. அந்த மாதிரிப் பேச்சை எந்தக் கம்பெனியிடமிருந்தும் காசு கொடுத்து வாங்கிவிட முடியாது. 2024 இல் அடோர் என்ற கிளையின் தலைவிக்கும் ஹைப்புக்கும் பெரிய சண்டை வந்தது, நியூஜீன்ஸ் என்ற இளம்பெண்கள் குழு நடுவில் மாட்டிக்கொண்டது. அந்தப் பெண்களின் வயதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. யார் பக்கம் நியாயம் என்று அளக்க எனக்கு விருப்பமில்லை.

இரண்டு விதம் ஆல்பம் பற்றிக் கேட்டாய் இல்லையா, அதைச் சொல்கிறேன். உள்ளே சிடியோடு சின்ன போட்டோ அட்டை இருக்கும். ஏழு பேரில் யார் படம் வரும் என்று பிரித்தால்தான் தெரியும். வேண்டிய படம் கிடைக்கும்வரை பிள்ளைகள் திரும்பத் திரும்ப வாங்குவார்கள். ரசிகரை நேரில் சந்திக்கும் நிகழ்ச்சிக்கான குலுக்கலுக்கும் அதிக ஆல்பம் வாங்கினால் அதிக வாய்ப்பு. 2024 இல் இதே ஹைப்பின் செவன்டீன் குழு ஆல்பங்களை டோக்கியோவின் ஷிபுயா தெருவில் பெட்டி பெட்டியாக வைத்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அட்டையை எடுத்துக்கொண்டு பாட்டைத் தெருவில் விட்டுவிட்டார்கள். அதைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. கேசட்டின் பி பக்கத்தில் மூன்று நிமிஷம் மிச்சம் இருந்தால், அதைக் காலியாக விட மனசு வராமல், வாடிக்கையாளர் கேட்காத நல்ல பாட்டு ஒன்றை நிரப்பி, அட்டையில் பச்சை மையில் அதையும் எழுதிக் கொடுப்பாயே, நீ பார்த்திருந்தால் இன்னும் கோபப்பட்டிருப்பாய்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2024 ஜனவரியில் நம் தமிழ்நாட்டுப் பள்ளிச் சிறுமிகள் மூன்று பேர் பி.டி.எஸ். குழுவைப் பார்க்க சியோலுக்குக் கிளம்பிவிட்டார்கள். கையில் சில ஆயிரம் ரூபாய். விசாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறிவிடலாம் என்று திட்டம். காட்பாடி ஸ்டேஷனில் போலீஸ் பார்த்துப் பத்திரமாகத் திருப்பி அனுப்பினார்கள். நாளிதழில் படித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் இப்போது சிரிக்கமாட்டேன். கேமராவைப் பார்த்து மனசைத் திறந்து பேசியவனை அந்தப் பிள்ளைகள் தங்கள் ஆளாக நம்பியிருக்கிறார்கள். வீட்டில் அப்படி யாராவது அவர்களோடு உட்கார்ந்து பேசினார்களா என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

அதனால் உன் சின்னவளுக்கு ஆல்பம் வாங்கிக் கொடு. ஒரு விதம் மட்டும். என்ன அட்டை வந்தாலும் சரி என்று முதலிலேயே பேசிக்கொள். பரணில் கிடக்கும் சிடி பிளேயரை இறக்கித் துடைத்து வை. அந்த சிடியை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை அவளோடு உட்கார்ந்து கேள். படத்தைப் பார்க்காதே, கண்ணை மூடிக் கேள். எத்தனை குரலைப் பிரித்துச் சொல்ல முடிகிறது என்று எனக்கு எழுது.

அந்த ஏழு பேரும் கொரிய ஆண்களுக்கு உள்ள கட்டாய ராணுவக் கடமையை முடித்துவிட்டார்கள், கடைசி ஆள் 2025 ஜூனில் வந்தார். தங்கை மகள் அன்று எனக்குப் போன் பண்ணிச் சொன்னாள், சொந்த அண்ணன் ஊரிலிருந்து வந்த மாதிரி குரல். அப்போது எனக்கு அவர்கள் யாரென்றே தெரியாது.

தை பிறந்ததும் வருவதாக எழுதியிருக்கிறாய். தங்கச்சியையும் சின்னவளையும் கூட்டி வா. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் படி ஏற முடியாது என்றால் கீழேயே ஏற்பாடு செய்கிறேன். நம் கடை ஆர்டர் நோட்டு உன்னிடம்தானே இருந்தது? கிடைத்தால் எடுத்து வா, அந்தப் பச்சை மை எழுத்தை இந்தப் புதுக் கண்ணால் ஒரு தடவை பார்க்கவேண்டும்.

உன்
பாலு