ரம்பத்தின் கீச்சுக்குரலை நம்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி நெருங்குகிறது. தானே (2011 டிசம்பர் 30), பெஞ்சல் (2024 நவம்பர் 30) என்று புயல்களைக் கண்டு பழகிய கடலூர், பண்ருட்டி, புதுச்சேரிப் பக்கங்களில் தோப்புக் கொட்டகையிலும் ஊராட்சி அலுவலக மூலையிலும் கிடக்கும் செயின்ஷாக்களை (பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் ரம்பங்களை) இனித் தூசி தட்டி எடுப்பார்கள். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தி, மெஷின் 'ங்ஙீ' என்று கத்துகிறதா என்று பார்ப்பார்கள். கத்தாவிட்டால் கார்புரேட்டரில் முழு வேகப் பெட்ரோல் அளவை நிறுத்தும் எச் ஸ்க்ரூவை வலப்பக்கம் திருகிக் கத்த வைப்பார்கள். பிஸ்டனில் கோடு விழுந்து பட்டறைக்கு வருகிற பல மெஷின்களின் சங்கதி இந்தத் திருகலில்தான் தொடங்குகிறது.

வலப்பக்கம் திருகினால் பெட்ரோல் குறையும். இந்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயிலுக்கென்று தனி வழி இல்லை. பெட்ரோலோடு கலந்து வரும் 2டி ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழுக்கல். ஆகவே பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடு ஏறும், சுற்றும் கூடும். மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும். காதுக்கோ அது வலுவாகக் கேட்கும்.

சரியான சத்தம் வேறு. மரத்தில் வைக்காமல் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால், கீச்சுக்கு நடுவே வாய் கொப்பளிப்பது போல ஒரு பொளபொளப்பு கேட்க வேண்டும். பழைய டிவிஎஸ் 50 இறக்கத்தில் 'பொட பொட' என்று போகுமே, அதன் வேகமான வடிவம். பெட்ரோல் சற்றுக் கூடுதலாக இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் தீப்பிடிக்காமல் விட்டுவிட்டுப் பிடிக்கிறது. அதுதான் அந்தப் பொளபொளப்பு. அதே மெஷினை மரத்தில் வைத்து அழுத்தியதும் சுற்று இறங்கி, ஒவ்வொரு சுற்றிலும் தீப்பிடித்து, சத்தம் மழமழவென்று ஒரே கம்பியாக வர வேண்டும். மரத்திலிருந்து எடுத்தால் மறுபடி பொளபொளப்பு. மரத்தில் வைத்த பிறகும் அது போகவில்லையென்றால் பெட்ரோல் அதிகம். மரத்தில் வைக்கும் முன்பே அது இல்லையென்றால் குறைவு, உடனே நிறுத்துங்கள்.

இந்த ஆண்டு இதை எழுதக் காரணம் பெட்ரோல். இப்போது பங்க்கில் வருவதில் 20 சதவீதம் எத்தனால். கலப்பில்லாத பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 10 சதவீதக் கலப்புக்கு 14.1 அளவு, 20 சதவீதத்துக்கு 13.5 அளவு. அதாவது அதே காற்றுக்கு இப்போது பெட்ரோல் கூடுதலாக வேண்டும். 10 சதவீதக் காலத்தில் காது வைத்துச் சரியாக நிறுத்திய ஸ்க்ரூ, யாரும் தொடாமலே இன்று 4, 5 சதவீதம் குறைவாக ஊட்டிக்கொண்டிருக்கிறது. பல கம்பெனிகளின் கையேடு 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கிறது என்பதையும் பாருங்கள். விலை குறைவென்று புதுச்சேரியில் கேனில் வாங்கி மாதக்கணக்கில் வைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. எத்தனால் நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும்; ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்க் பில்டர் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

ஸ்க்ரூவைத் தொடுமுன் ஏர் பில்டரைக் கழுவிக் காய வையுங்கள். சவுக்குப் பட்டைத் தூள் அடைத்த பில்டரோடு ட்யூனிங் செய்தால், பில்டரைச் சுத்தம் செய்த அன்றே பெட்ரோல் குறைவாகிவிடும். டேங்க் பில்டர், சைலன்சர் வலை, பிளக் இடைவெளி (0.5 மி.மீ.) மூன்றையும் பாருங்கள். ஆயில் அளவு கையேட்டில் உள்ளபடி: நல்ல ஆயிலில் 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 கேட்கும் மெஷினுக்கு 40 மில்லி. பத்திரத்துக்கு என்று கூட ஊற்றுவது பலருக்குப் பழக்கம். ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல்தான் குறைகிறது, காற்று அப்படியே இருக்கிறது. அது பத்திரமாகாது.

பாரும் (செயின் ஓடும் நீளத் தகடு) செயினும் மாட்டியே ட்யூனிங் செய்ய வேண்டும். செயின் கூர்மையாக இருக்கட்டும். அரை டேங்க் பெட்ரோலோடு 4, 5 நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். ஸ்க்ரூ அளவு மாறிப்போயிருந்தால் நிறுத்தி, எச், எல் (குறைந்த வேகப் பெட்ரோலுக்கான ஸ்க்ரூ) இரண்டையும் வலப்பக்கம் மெல்லத் திருகி உட்கார வைத்து, ஒரு சுற்று வெளியே எடுங்கள். பெரும்பாலான மாடலுக்கு இது தொடக்கம்தான். இறுக்கித் திருகினால் ஊசி முனை நசுங்கி, பிறகு எந்த ட்யூனிங்கும் நிற்காது.

முதலில் எல் ஸ்க்ரூ. ஐடிலிங்கில் மெதுவாகத் திருகி, சுற்று அதிகம் வரும் இடத்தைப் பிடியுங்கள். அங்கிருந்து இடப்பக்கம் அரைக்கால் (1/8) முதல் கால் சுற்று. ஆக்சிலேட்டரைப் பட்டென்று அழுத்தினால் தயங்காமல் எழ வேண்டும். 'ப்வா' என்று மூச்சடைத்து நின்றால் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். புகையோடு திணறினால் கொஞ்சம் வலப்பக்கம். அடுத்து எல்ஏ அல்லது டி என்று குறித்த ஐடிலிங் ஸ்க்ரூ: செயின் அசையாமல், எஞ்சின் அணையாமல் நிற்கும் இடம், சுமார் 2,800 சுற்று. ஐடிலிங்கில் செயின் ஓடினால் வேலைக்கு எடுக்காதீர்கள்.

கடைசியில் எச். வேண்டுமென்றே கால் சுற்று இடப்பக்கம் எடுத்து, பொளபொளப்பு தெளிவாகக் கேட்கும்படி ஆரம்பியுங்கள். எப்போதும் பெட்ரோல் கூடுதலான பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். மறுபக்கத்திலிருந்து தேடினால் தேடும்போதே பிஸ்டன் போய்விடும். மாகாணி மாகாணியாக (1/16 சுற்று) வலப்பக்கம் திருகி, ஒவ்வொரு முறையும் 3, 4 விநாடி மட்டும் முழு ஆக்சிலேட்டர் கொடுத்து, பிறகு ஒரு கட்டையில் வைத்து அறுத்துப் பாருங்கள். மரத்தில் மழமழப்பு, வெளியே பொளபொளப்பு என்ற எல்லையில் நிறுத்தி, இன்றைய பெட்ரோலுக்காக ஒரு மாகாணி இடப்பக்கம் விட்டுவிடுங்கள். பிறகு எல், ஐடிலிங் இரண்டையும் மறுபடி பாருங்கள். முழு வேகத்தில் அறுத்து அப்படியே அணைத்த பிறகு பிளக் காபிப்பொடி நிறத்தில் இருந்தால் சரி. வெள்ளை என்றால் குறைவு, ஈரக் கறுப்பு என்றால் அதிகம்.

காது ஏமாறும் இடம் ஒன்று உண்டு. புது மாடல் பலவற்றில் சுற்று எல்லை மீறினால் இக்னிஷன் காயிலே தீப்பொறியை விட்டுவிட்டுத் தரும். அந்தச் சத்தமும் பொளபொளப்புப் போலவே கேட்கும். பெட்ரோல் குறைந்த மெஷினை நல்ல மெஷின் என்று எண்ண வைக்கும். எச் ஸ்க்ரூவை இன்னும் கால் சுற்று இடப்பக்கம் எடுத்துப் பாருங்கள். சுற்று கேட்கும்படி இறங்கிப் பொளபொளப்பு தடித்தால்தான் அது பெட்ரோலின் சத்தம். ஸ்டில் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னா ஆட்டோட்யூன் மெஷின்களில் திருக ஸ்க்ரூவே கிடையாது, தேட வேண்டாம்.

எவ்வளவு திருகியும் நிற்கவில்லையென்றால் கார்புரேட்டரைத் திட்டாதீர்கள். ஐடிலிங்கில் மெஷினைப் பக்கவாட்டிலும் மூக்குக் கீழாகவும் சாய்த்துப் பாருங்கள். சுற்று எகிறினால் கிராங்க் சீலிலோ ரப்பர் குழாயிலோ காற்று புகுகிறது. பத்து நிமிடம் ஓடிக் கீச்சிட்டு அணைந்து, டேங்க் மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்று இழுத்தால் டேங்கின் காற்றுத்துளை அடைப்பு. எத்தனால் பெட்ரோலில் கிடந்த டயாபிரம் (கார்புரேட்டருக்குள் உள்ள மெல்லிய சவ்வு) அப்பளம் போல விறைத்திருந்தால் கிட் மாற்றுவது தவிர வழியில்லை.

மே மாத வெயிலில் நிறுத்திய மெஷின் மார்கழி விடியலின் குளிர்ந்த, அடர்ந்த காற்றில் பெட்ரோல் சற்றுக் குறைவாகவே ஓடும். ஏற்காடு உயரத்தில் ட்யூன் செய்த பழைய மெஷினை வாங்கிக் கடலூரில் அப்படியே ஓட்டுவது அதைவிட மோசம்.

நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். ஊராட்சிகளிலும் மின்வாரிய அலுவலகங்களிலும் உள்ள மெஷின்களில், ஏர் பில்டர் மூடியின் உட்புறம் பெயிண்டால் நான்கு விவரம் எழுதச் சொல்லுங்கள்: எச் எத்தனை சுற்று, எல் எத்தனை சுற்று, ஆயில் லிட்டருக்கு எத்தனை மில்லி, கடைசியாகப் பார்த்த மாதம். ஒரு மெஷின் பத்துக் கை மாறும் இடத்தில் அடுத்து எடுப்பவருக்கு அது போதும்.

இப்படிக்கு,
செயின்ஷா பழுதுபார்ப்பவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்