நாவல்களில் வாசற்படிக் குழந்தை

ஆசிரியருக்கு வணக்கம்.

குடும்ப நாவல்களில் சலிக்காமல் திரும்பி வரும் காட்சி இது: முகம் கொடுத்துப் பேசாத கணவன் மனைவி, மழை இரவு, வாசற்படியில் துணி சுற்றிய பச்சிளங்குழந்தை. அடுத்த அத்தியாயத்தில் தொட்டில் கட்டிவிடுவார்கள். அவன் குடியை விட்டிருப்பான். அவள் கோபத்தை விட்டிருப்பாள். படிக்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் கதை நடப்பது சென்னையில் என்றால் அவர்கள் செய்தது குற்றம்.

கண்டெடுத்த குழந்தையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ, காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ சொல்லியாக வேண்டும். மறைத்தால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். எடுத்தவருக்கே குழந்தை என்பதும் கிடையாது. தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான காராவின் இணையதளத்தில் பதிந்து காத்திருப்போருக்கு வரிசைப்படிதான் போகும்.

எழுத்தாளர்கள் இந்த வரிசையைத் தொந்தரவாக நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். கதையே அங்கேதான் இருக்கிறது. தம்பதி என்றால் இருவரின் சம்மதமும் வேண்டும்; குறைந்தது 2 ஆண்டு நிலையான மணவாழ்க்கை வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கே வந்து பார்த்து எழுதும் அறிக்கை 3 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். ஒற்றுமையாக இருந்த நாளில் எழுதிய அறிக்கை அது. காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீள, இதற்குள் இருவரும் பேச்சை நிறுத்தியிருக்கலாம். அப்போது ஒருநாள் குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் வந்து சேரும். 48 மணி நேரத்துக்குள் சரி என்று பதியாவிட்டால் அந்தக் குழந்தை அடுத்தவருக்கு. எதிர்பாராமல் பெற்றோராவதற்கு இதைவிட நல்ல திருப்பம் வேண்டுமா?

வயதுக் கணக்கிலும் சறுக்குகிறார்கள். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக்கூடாது. 47 வயது நாயகனும் 42 வயது நாயகியும் கைக்குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக் கண் துடைக்கும் காட்சியும் பழசாகிவிட்டது. 2022 செப்டம்பரிலிருந்து இந்தச் சட்டத்தின் கீழ் தத்து ஆணை மாவட்ட ஆட்சியர் கையில். அதற்குப் பிறகும் 2 ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு ஆள் வந்து பார்ப்பார்கள். திருந்தாத கணவனை எழுத இதைவிட வசதி கிடையாது.

பால் புகட்டும் காட்சியும் அப்படித்தான். மூன்று மாதக் குழந்தைக்குத் தண்ணீர் கலந்த பசும்பால் கொடுக்கிறார்கள். ஒரு வயது வரை அது கூடாது. மாவுப்பாலில் பெரும்பாலான டப்பாக்களுக்கு 30 மி.லி. கொதித்த நீர், தலைதட்டி ஒரு கரண்டி மாவு. குவித்துப் போட்டால் மலச்சிக்கல். டப்பா சீக்கிரம் தீர்கிறதே என்று தண்ணீரைக் கூட்டினால் எடை ஏறாது. இரவு இரண்டு மணிக்கு அரைத்தூக்கத்தில் எத்தனை கரண்டி போட்டோம் என்று மறந்து அவன் நிற்க, ஒன்றும் சொல்லாமல் அதைக் கொட்டிவிட்டு அவள் புதிதாகக் கலப்பது ஒரு முழு அத்தியாயத்தைத் தாங்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அயனாவரம், சென்னை